அடியில் ஒட்டிய பெயர்

யார் பாத்திரம் கொண்டுவந்தாலும் ஆர்டிஸ் க்வாமி முதலில் அதைத் தலைக்கு மேலே தூக்கி அடியைப் பார்ப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம். கொத்துக்கறியையும் டப்பாக் காளான் சூப்பையும் கலந்து, மேலே உருளைக்கிழங்கு உருண்டைகளை அடுக்கி வேகவைத்த ஹாட்டிஷ் அவருடைய நெற்றிக்கு மேலே ஆவி விட்டுக்கொண்டிருக்கும். அவர் அண்ணாந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருக்கும் காகித டேப்பைப் படிப்பார். "ஏஹ்லி வீட்டுது. வெர்னா இன்னும் அந்தக் காஞ்ச பேனாவுலதான் எழுதறா" என்பார். அதற்குப் பிறகுதான் பாத்திரம் கீழே இறங்கும். ஒருமுறை சூப் வழிந்து நோயாளிகள் பதிவேட்டில் கொட்டி, இரண்டு குடும்பங்களின் பக்கங்கள் இன்றுவரை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்பது வேறு விஷயம்.

டோர்வால் ஊர் மருத்துவமனையின் வரவேற்பு மேஜையில் முப்பத்தெட்டு வருடமாக இருப்பவர் ஆர்டிஸக்கா. வயது எழுபத்தொன்று. கொண்டையில் எப்போதும் இரண்டு பென்சில் செருகியிருக்கும், மூன்றாவதைத் தேடிக்கொண்டிருப்பார். கிராம வைத்தியம் பழகுவதற்காகப் பல்கலைக்கழகம் வருடத்துக்கு ஓர் இளம் டாக்டரை எங்களிடம் அனுப்புகிறது. அவர்களைப் பழக்குபவர் டாக்டர் பிராண்ட்வோல்ட் என்று காகிதத்தில் இருக்கும். உண்மையில் பழக்குபவர் இவர்தான். அதைத் தெரிந்துகொண்ட பல்கலைக்கழகம் "சமூக ஒருங்கிணைப்பாளர்" என்று ஓர் அடையாள அட்டையை அனுப்பிவைத்தது. ஆர்டிஸக்கா அதை மேஜையிலிருந்த செடித்தொட்டியில் மாட்டிவிட்டார். "அதுதான் வர்றவங்களையெல்லாம் வாயத் தொறக்காம பாத்துக்கிட்டிருக்குது. அதுக்கே இருக்கட்டும்" என்றார்.

நான் எதிர்ச்சாரியில் மாட்டு வைத்தியம் பார்ப்பவன். நாமக்கல்லில் படித்து, இந்த வடக்கு டகோட்டாவுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. செங்கோட்டுவேலு என்ற என் பெயரை ஆர்டிஸக்கா முதல் வாரமே நறுக்கி "வெல்" ஆக்கிவிட்டார். அவர்கள் மொழியில் கிணறு. எட்டு வருடத்துக்கு முன்னால், ஊருக்கு இருந்த ஒரே டாக்டரான பிராண்ட்வோல்ட் தன் இதயத்தை அறுத்துத் தைத்துக்கொண்டு ஐந்து மாதம் படுத்துவிட்டார். அப்போது ஊர்க்காரர்கள் என் பின்கதவு வழியாக வந்தார்கள். "எனக்கில்ல வெல், கன்னுக்குட்டிக்கு. முழங்கால் வலிக்குதாம். அதுவும் மாடிப்படி ஏறுறப்பதான்" என்பார்கள். நானும் கன்றுக்குட்டிக்கு மாடிப்படி ஏறாமலிருக்கச் சொல்லி அனுப்பினேன். வேறு என்ன செய்வது?

அந்தக் குளிர்காலத்தில்தான் ஆர்டிஸக்காவின் கணவர் லாய்டுக்கு நெஞ்சு வலித்தது. அடுத்த மருத்துவமனை தொண்ணூற்று நான்கு மைல். அறுபத்தோராவது மைலில் ஆம்புலன்சுக்குள்ளேயே போய்விட்டார். "அவ்வளவு மோசமில்ல" என்பதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. ஈமச்சடங்குக்கு நாற்பத்து மூன்று பாத்திரங்களில் சாப்பாடு வந்தது. நாற்பத்திரண்டை ஆர்டிஸக்கா கேக் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். மூலை உடைந்த ஒரு மூளிப் பாத்திரத்தில் மட்டும் பெயர் இல்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டார். யாருடையதும் இல்லை. பிறகு உட்கார்ந்து பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பயிற்சி டாக்டர்கள் வர ஆரம்பித்தது அப்படித்தான்.

வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாள் முதல் பாடம் லாய்ட் கடைசியாகச் சொன்ன அந்த வார்த்தைதான்.

"'அவ்வளவு மோசமில்ல'ன்னு சொன்னா வரிசையப் பாக்காம உள்ள கூப்பிடு கண்ணு. 'இன்னும் மோசமா இருந்திருக்கலாம்'னா உள்ள இருக்கறவங்கள வெளிய அனுப்பிட்டுக் கூப்பிடு. அறுவடை நேரத்துல அவனா டிராக்டர விட்டு எறங்கி வந்தான்னா எதுவும் கேக்காத. ஆம்புலன்சுக்குப் போன் பண்ணு."

இரண்டாவது பாடம் பாத்திரம். புது டாக்டர் வந்த வாரமே வாசலில் ஏழெட்டுப் பாத்திரம் வந்து உட்கார்ந்துவிடும். அதை அவர்களே கையால் எடுத்துப்போய்க் கொடுத்தவர் வீட்டில் கொடுக்க வேண்டும். வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாது, ஏதாவது தின்பண்டம் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அங்கே உட்கார்ந்து காபி குடிக்க வேண்டும். பாத்திரத்தில் பேர் வெட்டி வாங்குகிற ஊரிலிருந்து வந்த எனக்கு இதெல்லாம் பழக ஒரு வாரம்கூட ஆகவில்லை. படித்த பிள்ளைகள்தான் திணறின. ஒருத்தன் வந்தவற்றுக்குப் பதிலாகப் பதினோரு புதுப் பாத்திரம் வாங்கி, விலைச்சீட்டோடு வாசல்களில் வைத்துவிட்டுப் போனான். ஊரே அவமானப்பட்டுப் போனது. இப்போது அரிசோனாவில் இருக்கும் இன்னொருத்தன் ஆர்டிஸக்காவின் தட்டு ஒன்றைத் தவறிக் காரில் எடுத்துப் போய்விட்டான். பாடம் மறக்காத பிள்ளை. பேரீச்சம்பழம் வைத்து, தன் மூடியால் மூடித் தபாலில் அனுப்பினான். தட்டு வந்துவிட்டது, ஆனால் மூடி அவனுடையதாயிற்றே. வெறும் மூடியை எப்படி அனுப்புவது? ஆர்டிஸக்கா தட்டில் புளிப்பான ரூபார்ப் தண்டு போட்ட கேக் வைத்து மூடி அனுப்பினார். இப்போது தட்டு அவனிடம். ஐந்து வருடமாக இரண்டும் போய்வந்துகொண்டிருக்கின்றன.

ஏழு பேர் வந்தார்கள், ஏழு பேரும் போனார்கள். எட்டாவதாக, போன வருடம் ஜூலையில் வந்தவள் டாக்டர் நோரா வெய்ன்ட்ராப். சிகாகோக்காரி. இருபத்தொன்பது வயது. நடக்கிற வேகத்தில் பக்கத்திலிருக்கும் காகிதம் பறக்கும். மணிக்கு ஆறு முறை கை கழுவுவாள். ஆர்டிஸக்கா தன் குளிர்ப்பெட்டி மேல் கிடக்கும் அந்த மூளிப் பாத்திரத்தில் முட்டைக்கோசும் கறியும் வைத்து, ஒருவருக்கும் சொல்லாமல் அவள் வாசலில் வைத்துவிட்டு வந்தார். ஒவ்வொரு புது டாக்டருக்கும் அதில்தான் முதல் சாப்பாடு போகும். எப்படியோ அது மட்டும் திரும்பி அவரிடமே வந்து சேரும்.

நோரா பாத்திரங்களைக் கழுவி அடுக்கினாள். கொண்டுபோகவில்லை. "நேரமே இல்ல ஆர்டிஸ். உங்க மேஜைல வெச்சிடறேன், அவங்கவங்க வந்து எடுத்துக்கட்டும்" என்றாள்.

"இது என்ன பஸ் ஸ்டாண்டா கண்ணு, மறந்துட்டுப் போனத வெச்சுக் காக்கறதுக்கு?"

பதினான்கு வரை சேர்ந்தது. அதோடு வரத்து நின்றது. திரும்பி வராத பாத்திரத்தின் பின்னால் இங்கே அடுத்த பாத்திரம் போகாது. பேச்சும் போகாது. மருத்துவமனைக்கு வந்தவர்கள் காது அடைப்பு, தடுப்பூசி, ஓட்டுநர் உரிமத்துக்குக் கண் பரிசோதனை என்று அதோடு முடித்துக்கொண்டார்கள். நோரா பாவம், அதை வைத்துப் பல்கலைக்கழகத்துக்கு அறிக்கை எழுதினாள். டோர்வால் மக்கள் வியக்கத்தக்க ஆரோக்கியத்துடன் இருக்கிறார்கள், இங்கே ஒரு டாக்டருக்குப் போதுமான வேலை இல்லை என்று. அதைத் தபாலில் சேர்ப்பதற்கு முன் படித்த ஆர்டிஸக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

இந்த முறை விளையாட்டில்லை. டாக்டர் பிராண்ட்வோல்ட் ஆறு வருடமாக ஓய்வு பெறப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். இந்த ஜூன் கடைசியில் நிஜமாகவே போகிறார். அவர் மனைவி வீட்டை விற்றுவிட்டார். நோரா "இங்கேயே இருக்கிறேன்" என்று கையெழுத்திட்ட படிவம் ஜூன் முப்பது, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணிக்குள் போகாவிட்டால் மருத்துவமனைக் கதவு மூடப்படும். அப்புறம் எல்லாருக்கும் தொண்ணூற்று நான்கு மைல்தான்.

ஆர்டிஸக்கா ஜனவரியில் கேட்டார். நோரா, "மன்னிச்சுக்கங்க, முடியாது" என்றாள். ஆர்டிஸக்கா புன்னகையோடு மேஜைக் காலண்டரில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். ஏப்ரலில் கேட்டார். "முடியாது ஆர்டிஸ்." இன்னொரு கோடு. எங்கள் ஊரில் முதல் இரண்டு மறுப்பும் மரியாதைக்கு. ஒரு துண்டு கேக்கைக்கூட மூன்றாம் முறை நீட்டினால்தான் எடுப்பார்கள். மூன்றாவதாகச் சொல்வதுதான் பதில்.

"அக்கா, அவ சிகாகோ பொண்ணு. அவளுக்கு மொத முடியாதே முடியாதுதான்" என்றேன்.

"ஊர்ல இருக்கறப்ப ஊர்க் கணக்குதான்."

"அப்ப மூணாவது தடவ கேட்டுட வேண்டியதுதானே?"

ஆர்டிஸக்கா பென்சில் தேடினார். இரண்டும் கொண்டையிலேயே இருந்தன. "கேட்டா பதில் வந்துடும் வெல். அப்புறம் நான் யார்கிட்டப் போய் நிப்பேன்? கேக்காத வரைக்கும் இந்த ஊருக்கு டாக்டர் உண்டு" என்றார். அவருக்குப் பயம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. முப்பத்தெட்டு வருடத்தில் நான் பார்க்காத பயம் என்று எழுத ஆசைதான். எனக்குத் தெரிந்ததே இருபத்திரண்டு வருடம்.

ஜூன் இரண்டாம் வாரம் அந்தக் கூத்து நடந்தது. நோரா ஊருக்குக் கிளம்பும் ஏற்பாட்டில், பதினான்கு பாத்திரங்களையும் முறையாகச் சுத்தம் செய்ய நினைத்து, மருத்துவமனையில் கத்தி கத்தரிக்கோல்களை நீராவியில் வேகவைக்கும் இயந்திரத்துக்குள் அவற்றைத் தள்ளிவிட்டாள். காலையில் வரவேற்பு மேஜையில் பதினான்கும் பளபளவென்று அடுக்கியிருந்தன.

"இருநூத்தம்பது டிகிரி, முப்பது நிமிஷம். இனிமே ஒரு கிருமி இல்ல ஆர்டிஸ்."

ஆர்டிஸக்கா ஒன்றைத் தலைக்கு மேலே தூக்கினார். இறக்கினார். இன்னொன்றைத் தூக்கினார். "பேரும் இல்ல கண்ணு" என்றார்.

டேப் எல்லாம் கூழாகி இயந்திரத்தின் அடியில் கிடந்தது. பதினான்கில் அந்த மூளியைத் தவிரப் பதின்மூன்றும் ஒரே கடையில் வாங்கிய ஒரே அளவுப் பாத்திரம். ஆர்டிஸக்காவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கடைசியில் கதவைக் காட்டினார். "வீடு வீடா போ. கேளு."

அன்று சாயங்காலம் பதினான்கோடு போனவள் பதினான்கோடு திரும்பி வந்தாள். கன்றுகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்றாள். "ஒருத்தர்கூட தன்னுதுன்னு சொல்லல. 'எங்களுது இவ்வளவு நல்லா இருக்காது'ன்றாங்க. இந்த ஊர்ல யாரும் பாத்திரமே வெச்சுக்கறதில்லையா?"

"எத்தன தடவ கேட்டீங்க டாக்டர்?"

"ஒரு தடவ. வேற எத்தன தடவ கேப்பாங்க?"

கன்றின் காதைப் பிடித்தபடியே நான் விளக்கினேன். மறுநாள் கார்டன் ஏஹ்லியின் வீட்டுச் சமையலறையில், மாட்டுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு நான் கை கழுவிக்கொண்டிருக்கும்போது, நோரா கடை பிஸ்கட் வைத்த பாத்திரத்தோடு உள்ளே வந்தாள்.

"இது உங்களுதா உங்களுதா உங்களுதா?"

கார்டன் ஏஹ்லிக்கு எழுபது வயது. தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார். "நடுவுல மூச்சு விடணும் டாக்டரம்மா. இது என்ன மாட்டு ஏலமா?"

நோரா மூச்சு விட்டாள். கேட்டாள்.

"எங்களுது இவ்வளவு பளபளன்னு இருக்காதுங்க."

மூச்சு. "உங்களுதா?"

"பாவம், வேற யாராவது தேடிக்கிட்டிருப்பாங்க."

மூச்சு. "உங்களுதா?"

"சரி, நீங்க இவ்வளவு சொல்றதால" என்று கார்டன் வாங்கி மனைவி வெர்னாவிடம் கொடுத்தார். வெர்னா அதைத் துணியால் துடைத்தார். கிருமியே இல்லாத பாத்திரம். நோரா பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். காபி வந்தது. மழை, கோதுமை, அன்று பிறந்த கன்று எல்லாம் பேசி முடித்து அவள் எழுந்து கதவுக் கைப்பிடியில் கை வைத்தபோது கார்டன் தொண்டையைக் கனைத்தார்.

"ஒண்ணுமில்ல டாக்டரம்மா. ஈஸ்டர்லேர்ந்து நாற்காலியிலதான் தூங்கறேன். படுத்தா தண்ணிக்குள்ள முங்கற மாதிரி இருக்குது. அவ்வளவு மோசமில்ல."

நோரா திரும்பினாள். "பத்து நாள் முன்னாடிதான் வந்தீங்க. காது அடைப்புன்னீங்க."

"காதும்தாங்க."

"வேற ஏதாவது இருக்கான்னு நான் கேட்டேனே?"

"ஒரு தடவதான கேட்டீங்க."

நோரா தரையில் உட்கார்ந்து அவருடைய காலுறையை இறக்கினாள். கணுக்கால் கணுக்காலாகவே இல்லை. அழுத்திய விரல் குழியாகப் பதிந்து நின்றது. அவளுடைய முகத்தை நான் பார்த்தேன். ஒரு வருடமாகத் தன்னிடம் எத்தனை பேர் காது அடைப்பு என்று வந்தார்கள் என்று அவள் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

கார்டனின் இதயம் பாதி வேலைதான் செய்துகொண்டிருந்ததாம். மாத்திரை கொடுத்து நீரை இறக்கிவிட்டாள். இப்போது கட்டிலில் படுத்துத் தூங்குகிறார். குறட்டை தாங்கவில்லை என்று வெர்னா என்னிடம் வந்து மருந்து கேட்கிறார். அதற்குப் பிறகு நோரா மீதிப் பாத்திரங்களோடு ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று போனாள். ஒரு சமையலறையில் ஒரு மார்புக் கட்டி, இன்னொன்றில் இரண்டு வருடமாகச் சாப்பிடாத சர்க்கரை மாத்திரை, மூன்றாவதில் யாரிடமும் சொல்லாத அழுகை. எல்லாம் கைப்பிடியில் கை வைத்த பிறகுதான் வந்தன. மருத்துவமனையிலும் வருகிறவர்களிடமெல்லாம் "வேற ஏதாவது?" என்று, நடுவில் மூச்சு விட்டு, மூன்று முறை கேட்க ஆரம்பித்தாள். ஆர்டிஸக்காவின் நேர அட்டவணை குட்டிச்சுவராயிற்று. காது அடைப்புக்கு ஒன்பது மணிக்கு வந்தவர் பதினொன்றுக்குத்தான் வெளியே வந்தார். காத்திருந்தவர்கள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. செடித்தொட்டி மட்டும் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆனால் அவள் போகிறாளா, இருக்கிறாளா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவளும் சொல்லவில்லை. ஆர்டிஸக்காவும் கேட்கவில்லை. காலண்டரில் இரண்டு கோடு இரண்டு கோடாகவே நின்றது. "நீங்க கேக்கலன்னா நான் கேக்கறேன்" என்று கார்டன் ஏஹ்லி வந்து நின்றார். ஆர்டிஸக்கா அவரை எடை பார்க்கும் மேடையில் ஏற்றிவிட்டு வாயை அடைத்தார்.

ஜூன் முப்பது, மணி நாலரை. ஆர்டிஸக்காவின் நாய்க்குப் பூச்சி மாத்திரை கொடுக்கும் சாக்கில் நான் மேஜையருகே நின்றிருந்தேன். வெளியே நோராவின் கார், பின்சீட்டில் பெட்டிகள். நோரா உள்ளே வந்தாள். கையில் வெள்ளித்தாள் போட்டு மூடிய பாத்திரம். ஒரு மூலை உடைந்திருந்தது.

"கடைசி ஒண்ணு ஆர்டிஸ். பதிமூணும் வீடு சேந்துடுச்சு. இது மட்டும் யாருதும் இல்லையாம். மூச்சு விட்டுத்தான் கேட்டேன்." அவள் அதை நீட்டினாள். "உங்களுதா?"

ஆர்டிஸக்கா வழக்கம்போலத் தலைக்கு மேலே தூக்கி அடியைப் பார்த்தார். அங்கே பார்க்க என்ன இருக்கிறது? இருந்தாலும் வெகுநேரம் பார்த்தார். "இல்ல கண்ணு."

"உங்களுதா?"

"இல்ல."

நோரா மூச்சு விட்டாள். "உங்களுதா ஆர்டிஸ்?"

"எட்டு வருஷமா என் வீட்லதான் இருக்குது" என்றார் ஆர்டிஸக்கா, பாத்திரத்தை இன்னும் இறக்காமல். "லாய்ட் போனப்ப வந்தது. என்னுது இல்ல. நானும் யார் யாரையோ கேட்டுப் பாத்துட்டேன்."

"அடியவே பாத்துக்கிட்டிருந்தா எப்படி? உள்ள என்ன இருக்குன்னு பாக்கவே மாட்டீங்களா?"

ஆர்டிஸக்கா இறக்கினார். வெள்ளித்தாளைப் பிரித்தார். உள்ளே கடை பிஸ்கட். அதன் மேல் மடித்த ஒரு காகிதம். பல்கலைக்கழகத்தின் படிவம்தான். கீழே கையெழுத்தும், இரண்டு வாரத்துக்கு முந்தைய தேதியும்.

"நீங்க மூணாவது தடவ கேப்பீங்க கேப்பீங்கன்னு நானும் ரெண்டு வாரமா காத்துக்கிட்டிருக்கேன்" என்றாள் நோரா. "இன்னைக்கும் கேக்கற மாதிரி தெரியல. வீட்டுக்காரர் வேற என்னைக் காலி பண்ணச் சொல்லிட்டாரு. பிராண்ட்வோல்ட் வித்துட்ட வீட்ல மாடி இன்னும் காலியாத்தான் இருக்கா?"

ஆர்டிஸக்கா படிவத்தை எடுத்து என் கையில் திணித்து, ஃபேக்ஸ் இயந்திரத்தைக் காட்டினார். நான் நாய் மாத்திரையையும் படிவத்தையும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றதில் கொஞ்சம் தாமதமாயிற்று. நான் அனுப்பிவிட்டுத் திரும்பும்போது பிஸ்கட் எல்லாம் பதிவேட்டின் மேல் கொட்டிக் கிடந்தது. ஆர்டிஸக்கா இழுப்பறையிலிருந்து காகித டேப்பை எடுத்து, பல்லால் கடித்துக் கிழித்து, கறுப்புப் பேனாவால் ஒவ்வோர் எழுத்தாக எழுதிக்கொண்டிருந்தார். வெய்ன்ட்ராப். பாத்திரத்தைக் கவிழ்த்து, அடியில் ஒட்டி, நான்கு மூலையிலும் கட்டைவிரலால் அழுத்தினார். உடைந்த மூலையில் இரண்டு முறை. பிஸ்கட்டைத் திரும்ப உள்ளே அள்ளிப்போட்டு, நோராவிடம் நீட்டினார்.

நோரா அதைத் தலைக்கு மேலே தூக்கி அடியைப் படித்தாள். பிறகு இறக்கி, மேஜையில் வைத்து, அவர் பக்கமாகத் தள்ளினாள்.

"ஐயோ, எனக்கு எதுக்கு ஆர்டிஸ். வேண்டாம்."

ஆர்டிஸக்கா ஒரு மூச்சு விட்டார். பாத்திரத்தை எடுத்து மறுபடியும் நீட்டினார்.